மூடியைத் தளர்த்தச் சொன்ன பக்கம்

இலங்கையில் யுத்தம் முடிந்த வருடம் அது. டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் நாங்கள் வீட்டுக்கு வீடு செய்திகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஜேக்கப் அண்ணை மட்டும், மனதைத் திருப்பவென்று இணையத்தில் பார்த்துத் தேன் மது செய்யப் பழகினார். வேலையிடத்து டேனிஷ்காரர் அதைக் குடித்துவிட்டு அவருடைய தோளில் தட்டிப் பாராட்ட, எனக்கு வயிறு எரிந்தது.

"நல்ல பக்கம் ஒண்டு இருக்கு, அனுப்பிவிடட்டே?" என்று அண்ணை கேட்டார்.

"வேண்டாம் அண்ணை, எனக்கும் தேடத் தெரியும்" என்றேன்.

தேடினேன். படங்களோடு ஒரு டேனிஷ் பக்கம் அகப்பட்டது. தேன், தண்ணீர், ஈஸ்ட் எல்லாவற்றையும் சொன்னபடி கலந்தேன். மூடி பற்றிய வரியில் 'லொஸ்ட்', அதாவது பூட்டியது என்று வாசித்து, கண்ணாடிப் போத்தலை முழுப் பலத்தோடும் திருகி மூடினேன்.

நாலாம் நாள், மகள் குசினியை விட்டு வெளியே வந்த மறுகணம், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த போத்தல் வெடித்தது. அவள் நின்ற இடமெல்லாம் கண்ணாடித் துண்டுகள். அந்தப் பக்கத்தை அவளிடம் காட்டினேன்.

"அப்பா, இது லொஸ்ட் இல்லை, லூஸ்ட். புளிக்கேக்க வாற வாயு வெளியில போக மூடியைத் தளர்வா வைக்கச் சொல்லிக் கிடக்கு."

ஓர் எழுத்தை மாற்றி வாசித்திருக்கிறேன். வெட்கத்தை விட்டு அண்ணையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, தன்னுடைய பக்கத்தை அனுப்பினார். அதே பக்கம்தான்.

இப்போதெல்லாம் எதைச் செய்வதென்றாலும் முதலில் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். போன கிழமையும் எல்லோரும் அண்ணையின் மதுவைத்தான் புகழ்ந்தார்கள். என் பொறாமை போகவில்லை. அதற்கும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தியே வைத்திருக்கிறேன்.