மூன்றாம் வகுப்பின் ஒரே குரல்

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வாசிக்கத் தொடங்கினால் பக்கத்து பனியன் கம்பெனியின் மெஷின் சத்தமே அமுங்கிவிடும். நான் ஒரு வரி சொல்ல வேண்டும், பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். மொத்த வகுப்புக்கும் ஒரே நாளில் ஒரே பக்கம். இதற்குப் பெயர் வாசிப்புப் பயிற்சியாம். எனக்கு எரிச்சலாக வரும்.

முன்வரிசையில் ஒரு சிறுமி இருந்தாள். பீகாரிலிருந்து வந்து அந்தக் கம்பெனியில் வேலை செய்பவர்களின் மகள். வகுப்பிலேயே கணீரென்ற குரல் அவளுடையதுதான். ஆனால் வாய் வரியை முடித்த பிறகும் விரல் மேல்வரியிலேயே நிற்கும். காதால் பிடித்துச் சொல்கிறாள், எழுத்து தெரியாது. இப்படி உள்ளூர்ப் பிள்ளைகளும் உண்டு. அவளையும் அவர்களையும் தினமும் அரைமணி நேரம் தனியே உட்கார வைத்து எழுத்திலிருந்து ஆரம்பித்தேன்.

பார்வையிட வந்த அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை.

"தனியா எதுக்குங்க டீச்சர்? எல்லாத்தையும் ஒண்ணா வாசிக்கச் சொல்லுங்க."

வாசித்தார்கள். அவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "வடக்கத்திப் புள்ள எப்படி வாசிக்குது பாருங்க! இதுக்குத் தனி வகுப்பா? நிறுத்தீருங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அடுத்த பாடத்த எடு கண்ணு, வாசி" என்றேன். அவள் பக்கத்தைத் திருப்பிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் முதல் வரியைச் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

"நடத்தாத பாடத்தக் கேட்டா கொழந்தைங்க என்னங்க பண்ணும்?" என்று அதிகாரி சீறினார்.

"நடத்தாததப் படிக்கறதுக்குத்தானுங்க சார் படிப்பே!"

தலைமையாசிரியை என் கையைப் பிடித்து இழுத்தார். "எதுக்குங்க வம்பு? விடுங்க." அந்த அரைமணி நேரம் அன்றோடு போயிற்று. வீடியோ ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலெல்லாம் சுற்றியது. ஆளாளுக்குக் கைதட்டும் பொம்மை போட்டார்கள். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

மறுநாள் அவள் மேசையருகே வந்தாள். முந்தின நாள் வாசிக்க முடியாமல் போன அதே பக்கத்தை விரித்து நீட்டினாள்.

"இத நான் படிக்கோணும் டீச்சர். அவிங்களப் பேசாம இருக்கச் சொல்லுங்க."

சொன்னேன். வகுப்பு வாயை மூடிக்கொண்டது. அவள் முதல் எழுத்தில் விரலை வைத்து அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை பதறிப்போய் வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க, உங்க வகுப்புல சத்தமே காணோம்?"

"படிச்சுட்டு இருக்கறோமுங்க" என்றேன்.