பொதுமுறைக்காரர்

“இது என்னங்க, போட்டோவா? போட்டோவை வெச்சு நான் என்ன பண்றது, ஃப்ரேம் போட்டு மாட்டவா?” என்று, வரைபடக் கோப்பைக் கேட்டால் அதைப் படம் பிடித்து அனுப்பிய யாரிடமோ தொலைபேசியில் கேட்டுக்கொண்டே, தண்ணீர் பாட்டிலில் ஒட்டிய சீட்டில் அன்றைய தேதியை எழுதுகிறார் எங்கள் நகரசபையின் வரைபடப் பிரிவு அதிகாரி. எதில் என்ன இருக்கிறது, யார் நிரப்பினார், எப்போது நிரப்பினார் என்று எழுதாத எதையும் அவர் நம்புவதில்லை. வீட்டு அடுப்படியிலும் எல்லா டப்பாவிலும் இதே சீட்டுதான். “உப்பு டப்பாவைத் தொறந்து பார்த்தா உப்புன்னு எனக்குத் தெரியாதா?” என்று அவர் மனைவி என்னிடமே முறையிட்டிருக்கிறார்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பொதுமுறைக்காரர். சாலைப் பிரிவு, குடிநீர்ப் பிரிவு, தீயணைப்பு நிலையம் என்று ஆளுக்கொரு வரைபடம் வைத்திருந்தார்கள். ஒருவருடையது இன்னொருவர் கணினியில் திறக்காது. எல்லோருக்கும் பொதுவான, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு முறையில் எழுதி இணையத்தில் வைத்துவிட்டால் எந்தக் கணினியிலும் எந்தப் போனிலும் திறக்கும் என்று பதினோரு வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறார். பக்கத்து மேஜைக்காரனான எனக்குக் காதில் ரத்தம் வராத குறைதான்.

அவருடைய பரம வைரி குடிநீர்ப் பொறியாளர். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு என்பது பொதுமுறை. பொறியாளர் தலைகீழாகத்தான் அனுப்புவார். அப்படியே ஏற்றினால் தெருக்குழாய் ஏதாவது கடலில் போய் நிற்கும்.

“ரெண்டு நம்பரும் இருக்குல்ல சார், எது முன்னாடி இருந்தா என்ன?” என்பார் பொறியாளர்.

“நாளைக்குச் சட்டையைக் கால்லயும் பேண்டைக் கையிலயும் மாட்டிக்கிட்டு வாங்க. ரெண்டும் இருக்குல்ல?” என்பார் இவர். பிறகு முணுமுணுத்துக்கொண்டே இரண்டு வரிசைகளையும் இடம் மாற்றுவார்.

போன மாதம் சோபா செய்யும் பட்டறை ஒன்று தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி தண்ணீர் பிடிக்க வேண்டிய குழாயைத் தேடியே கால் மணி நேரம் போயிற்று. குழாய் இருக்கும் இடம் பொறியாளரின் கணினிக்கு மட்டும்தான் தெரியும். பட்டறை முழுக்கச் சாம்பல். அன்று இவர் யாரையும் திட்டவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஆணையர் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். “வெள்ளிக்கிழமை தீயணைப்பு வண்டியை விட்டுப் பார்ப்போம். உங்க வரைபடத்தைப் பார்த்துக் குழாயைக் கண்டுபிடிச்சா எல்லாரும் உங்க வழி. இல்லேன்னா பழையபடி அவங்கவங்க வழி.”

வெள்ளிக்கிழமை காலை பொறியாளரின் கோப்பு வந்தது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு குழாய்கள். இவர் வழக்கம்போல் முணுமுணுத்தார், இடம் மாற்றினார், இணையத்தில் ஏற்றினார். ஆணையரும் பொறியாளரும் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க, வண்டி ஓட்டுநர் போனில் பேசினார்.

“சார், பக்கத்துக் குழாய் எட்டாயிரம் கிலோமீட்டர்னு காட்டுது. நடுவுல கடல் வேற. டீசல் பத்தாது சார்.”

பொதுமுறைக்காரர் நாற்காலியோடு பொறியாளர் பக்கம் திரும்பினார். “பார்த்தீங்களா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.”

“இந்தத் தடவை சரியாத்தான் சார் அனுப்பினேன்,” என்றார் பொறியாளர், மெதுவாக. “பட்டறை எரிஞ்சதுக்கப்புறம் நீங்க எல்லாருக்கும் கொடுத்த பொதுமுறைக் கையேட்டைப் படிச்சேன். நாலாம் பக்கம்.”

பொதுமுறைக்காரர் அவர் அனுப்பிய கோப்பைத் திறந்தார். தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. அத்தனையும் சரி.

“தப்பு என்னுது சார்,” என்றார் ஆணையரிடம். “பார்க்காமலே திருப்பிட்டேன்.”

“சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?”

“அரை நிமிஷம்.”

“பண்ணுங்க. வண்டி நிக்கட்டும்.”

மறுபடி ஏற்றினார். ஓட்டுநர் குரல் வர நான்கு நிமிடம் ஆயிற்று.

“கிடைச்சிருச்சு சார். ஒரு வேனுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தது. தண்ணி வருது.”

மத்தியானம் பொறியாளரிடமிருந்து அடுத்த கோப்பு வந்தது. பொதுமுறைக்காரர் திறந்தார். வலது கை தானாக மவுஸை நோக்கி நகர்ந்தது. அதை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டு, இடது கை விரலால் திரையைத் தொட்டு முதல் எண்ணிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.