வளையமாக உரித்த பட்டை

இன்று காலை ஏழு மணிவரை, அந்த மரத்தைப் பற்றி அப்பா சொன்னதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அப்போதுதான் மகள் பள்ளிச் செய்முறைக்காகச் செம்பருத்தித் தண்டை பிளேடால் சீவினாள். அந்தப் பச்சை வாசனையில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டமும், இப்போது காடு மூடிவிட்ட எங்கள் தொழிலாளர் குடியிருப்பான லயமும், விடியலில் பால் வெட்டும் கத்திகள் பட்டையில் சரசரக்கும் ஓசையும், சிரட்டையில் சொட்டும் பாலும், வாசலில் நான் சாய்ந்து படித்த என் ரப்பர் மரமும் திரும்பி வந்தன.

ஒருநாள் அப்பா அதன் அடியில் சுற்றிலும் பட்டையை வளையமாக உரித்தார். பால் வெட்டிய காயங்களைப் புதுப்பட்டை மூடுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். "இதுவும் ஆறிடும் புள்ள" என்றார். இலைகளும் பல வாரம் பச்சையாகவே இருந்தன. பிறகு மரம் பட்டுப்போனது. கடல்காற்றுதான் காரணம் என்றார்.

இதை மகளிடம் சொன்னேன்.

"பில்குல் சான்ஸே இல்லம்மா. தண்ணி உள்கட்டை வழியா மேல போகும், அதான் இலை பச்சையா இருந்திருக்கு. இலை செய்யற சாப்பாடு பட்டை வழியாத்தான் வேருக்கு இறங்கணும். சுத்தி உரிச்சா வேர் பட்டினியில செத்துடும். தாத்தாவுக்குத் தெரியாதா?"

ஆயுள் முழுக்கப் பால் வெட்டியவருக்கா தெரியாது?

அப்பா மீன் பையோடு உள்ளே வந்தார். கேட்டேன். பையைக் கீழே வைக்காமலே நின்றார்.

"பழைய மரத்தையெல்லாம் நின்னபடியே சாகடிக்கச் சொல்லி தோட்டத்து ஆர்டரு புள்ள. அன்னைக்கே சொல்லியிருந்தா, பொறவு நீ என்னைய அப்பான்னு கூப்புட்டிருப்பியா?"