தபாலில் வராத படிவம்

என் தம்பியின் கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தபோது, நான் இந்தியாவை விட்டு வெளியே போக முடியாது என்று பெங்களூர் டிராவல் ஏஜெண்ட் ஒருவர் சொன்னார். அதையும் டிக்கெட்டுக்கு நான் பணம் கட்டி முடித்த பிறகுதான் சொன்னார். என்னுடைய மலேசிய பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, "மேடம், இன்கம் டாக்ஸ் கிளியரன்ஸ் வாங்கிட்டீங்க இல்ல?" என்று கேட்டார். காபி குடித்தாயிற்றா என்று கேட்கிற குரல்.

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வெளிநாட்டுக்காரர் இங்கே சம்பாதித்தால், கிளம்புவதற்கு முன் வரி பாக்கி இல்லை என்று வருமான வரி அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். அதை விமான நிலையத்தில் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் சட்டம் அப்படித்தான் இருந்தது. படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் ஒரு முறைகூட ஊருக்குப் போகவில்லை. விடுப்பையெல்லாம் இந்தக் கல்யாணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். அதனால் அதுவரை யாரும் என்னிடம் அந்தச் சான்றிதழைக் கேட்டதில்லை.

நான் ஈப்போவில் பிறந்தவள். அங்கே ஒரு வங்கியில் சில வருடம் குமாஸ்தாவாக இருந்து காசு சேர்த்து, கம்ப்யூட்டர் படிக்க பெங்களூர் வந்தேன். படிப்பு முடிந்ததும் தொம்மலூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில், அவர்களுடைய மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுகிற வேலை கிடைத்தது. என் தமிழைக் கேட்டு "நீங்க சிலோனா?" என்று கேட்காத ஆள் அந்த அலுவலகத்தில் இல்லை. முதலில் பொறுமையாக விளக்கினேன். பிறகு, ஆமாம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

அம்மா போனபோது எனக்குப் பதினேழு வயது, தம்பிக்கு ஒன்பது. அப்பா லாரி ஓட்டினார். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்க மாட்டார். தம்பிக்குச் சோறு போட்டதும், பள்ளிக்கூட அட்டையில் கையெழுத்துப் போட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்ததும் நான்தான். எங்கள் வழக்கத்தில் தாலி கட்டும்போது மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி போடுவாள். நாத்தனார் முடிச்சு என்பார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதில் எனக்குப் பெரிய குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு முடிச்சு எனக்கு வேண்டும். அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

மறுநாள் காலை அலுவலகத்தின் கணக்குப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்தவர் மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கிற தமிழர். பாதி வாக்கியம் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். ஒவ்வொரு வருடமும் என் சம்பளத்தில் பிடித்த வரிக்கான தாளைக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் அவர்தான்.

"கிளியரன்ஸ்தானே, பர்வாகில்லா. ரெண்டு வருஷத்து ரிட்டர்ன் காப்பி எடுத்துட்டு வாங்க."

"ரிட்டர்ன் ஃபாரம் இன்னும் வரலை, சார்."

"எங்கேர்ந்து வரலை?"

"தபால்ல."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு வருடமும் வரி அலுவலகமே படிவத்தை வீட்டுக்கு அனுப்பிவிடும். நிரப்பி அனுப்பினால், இவ்வளவு கட்டு என்று அவர்களே கணக்குப் போட்டு இன்னொரு கடிதம் அனுப்புவார்கள். கடிதம் வராமல் நாமாகப் போய் நின்றால், இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள். அதனால் இங்கேயும் காத்திருந்தேன். சும்மா காத்திருக்கவில்லை. தொம்மலூரிலிருந்து காக்ஸ் டவுனுக்கு வீடு மாறியபோது, அரசாங்கத் தபால் வந்தால் அனுப்பிவிடுங்கள் என்று பழைய வீட்டுக்காரரிடம் புது முகவரியை எழுதிக் கொடுத்தேன். காக்ஸ் டவுன் தபால்காரரிடம் மாதம் ஒரு முறை கேட்டேன். இதே கணக்குக்காரர் தந்த வரித் தாள்களை, படிவம் வந்ததும் இணைக்கலாம் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன்.

"ஏம்மா," என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஃபாரம் வீடு தேடி வரும்னு யாரு சொன்னாங்க? இங்க நாமளாப் போயி வாங்கி, நாமளா நிரப்பி, நாமளாக் கொண்டுபோயிக் குடுக்கணும். குடுக்கலேன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கேக்குற அன்னைக்கு ஒரேயடியாக் கேப்பாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு வருடம் தபால்காரரை வதைத்தவள் நான்தானே. சரி, ஆனது ஆச்சு, பதினேழு நாள் இருக்கிறது என்று அன்றைக்கே அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த பத்து நாளில் அந்த நகரத்தின் வரிசைகளையெல்லாம் பார்த்துவிட்டேன். படிவம் விற்கும் கடை, பான் எண்ணுக்கு விண்ணப்பிக்கிற வரிசை, தாமதத்துக்கான வட்டி கட்ட வங்கியில் சலான் வரிசை. முதல் படிவத்தை ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை கணக்கெடுத்து நிரப்பிக் கொண்டுபோனேன். இங்கே வருடம் ஏப்ரலில் பிறக்கிறது என்று கவுண்டரில் இருந்தவர் திருப்பித் தள்ளினார். அங்கேயே தரையில் உட்கார்ந்து திரும்ப நிரப்பினேன். இவளுக்கு நாங்கள் பொறுப்பு என்று நிறுவனம் ஒரு கடிதம் தர வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட வேண்டிய முதலாளி கூட்டத்தில் இருந்தார். கதவுக்கு வெளியே மூன்று மணி நேரம் நின்றேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்து பயந்துபோய்ப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நாள் போகப்போக எனக்கு ஒரு தெம்பு வந்திருந்தது. தம்பி போன் செய்து, "வந்துருவல்லக்கா?" என்று கேட்டபோது, "நான் வராம உனக்கு எப்படிடா கல்யாணம்?" என்றேன்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு விமானம் சனிக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை, எல்லாத் தாள்களோடும் சான்றிதழ் தருகிற அதிகாரியின் முன்னால் போய் நின்றேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கன்னடம் கலந்த ஆங்கிலத்தில் பேசினார். ஒவ்வொரு தாளாகப் புரட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரண்டு வருடம் ஏன் தாக்கல் செய்யவில்லை என்று கேட்டார்.

படிவம் தபாலில் வரும் என்று காத்திருந்தேன் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாய், பிறருக்குக் கையேடு எழுதுகிறாய், இதை நான் நம்ப வேண்டுமா என்றார். காரணத்தை எழுத்தில் கொடு, பிறகு பார்க்கலாம் என்று தாள்களைத் திருப்பித் தந்தார்.

துணைக்கு வந்திருந்த கணக்குக்காரர் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. ஒடம்பு சரியில்லாம இருந்தேன்னு எழுதிடுங்க. எங்க ஏரியால தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. நூறு ரூபா குடுத்தா சாயங்காலம் சர்ட்டிபிகேட்டு. நாளைக்கே கையெழுத்து ஆயிடும். அந்தம்மாவுக்கு வேண்டியது ஃபைல்ல வெக்க ஒரு தாளு, அவ்ளோதான்."

"நான்தான் ஒரு நாள்கூட லீவு போடாம வேலைக்கு வந்தேனே, சார்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் வரியை ஏமாற்றவில்லை. ஒவ்வொரு மாதமும் பிடித்தார்கள், கொடுத்தேன். முட்டாளாக இருந்தேன், அவ்வளவுதான். முட்டாளாக இருந்ததை ஒப்புக்கொண்ட பிறகு பொய்க்காரியாகவும் ஆக வேண்டுமா? அதே வராந்தாவில் சுவரில் தாளை வைத்து நடந்ததை நடந்தபடி எழுதினேன். தபால்காரரிடம் கேட்டதையும், தம்பி கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்பதையும்கூட எழுதினேன். கணக்குக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதிகாரி முழுக்கப் படித்தார். உன் ஊரில் அப்படித்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். கொண்டுவருகிறேன் என்றேன்.

அன்று மாலையே பூத்திலிருந்து வீட்டுக்கு போன் செய்தேன். நான் வங்கியில் வேலை பார்த்தபோது வந்த வரிக் கடிதங்கள் அலமாரியில் எங்கோ இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் அலமாரி எங்கே, யாருடைய புடவைக்கு அடியில் எது என்று யாருக்குத் தெரியும்? தம்பிதான் தேடினான். வியாழன் முழுக்கத் தேடியிருக்கிறான். நலங்கு வைக்கக் கூப்பிட்டவர்களை எல்லாம் உட்கார வைத்துவிட்டு, மஞ்சள் பூசிய கையோடு பெட்டிகளை இறக்கினான் என்று பின்னால் அத்தை சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கடையில் கொடுத்து அனுப்பினான். எங்கள் அலுவலக ஃபேக்ஸில் நான்கு மணிக்கு வந்து விழுந்தது. ஆட்டோ பிடித்து ஓடினேன். அதிகாரி ஏதோ விசாரணைக்காக வெளியே போயிருந்தார். இனி திங்கட்கிழமைதான் என்று பியூன் சொன்னார். சனிக்கிழமை அலுவலகம் இல்லை.

சான்றிதழ் இல்லாமலே போய்ப் பார்க்கலாமா என்று ஏஜெண்டிடம் கேட்டேன். திருப்பி அனுப்பினால் டிக்கெட்டும் போகும், அடுத்த தடவை விசாவும் சிக்கலாகும் என்றார். டிக்கெட்டைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தார். தம்பிக்கு போன் செய்து இரண்டே வார்த்தையில் சொன்னேன். அவன் "சரிக்கா" என்றான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. முகூர்த்த நேரத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

திங்கட்கிழமை அலுவலகம் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். அதிகாரி ஃபேக்ஸை வாங்கிப் பார்த்தார். மலாய் மொழியில் இருந்தது. படித்துச் சொல் என்றார். ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். இத்துடன் படிவம் அனுப்பப்படுகிறது, முப்பது நாளுக்குள் நிரப்பித் திருப்பவும் என்று முடிந்தது. நான் சொல்வதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது. பொய் சொல்கிறவள் இவ்வளவு பாடுபட மாட்டாள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கல்யாணம் எப்போது என்று கேட்டார். நேற்று முடிந்துவிட்டது என்றேன். அவர் முத்திரையைத் தானே எடுத்துக் குத்தினார்.

நாளைக்குக் கிளம்புகிறேன் என்று சொல்ல வீட்டுக்கு போன் செய்தேன். அத்தை எடுத்தாள், எங்கள் ஊர் மலாய் 'லா'வோடு.

"உன் தம்பி பண்ணின கூத்தைக் கேளு லா. நீ இல்லைன்னு உங்க பெரியப்பா மகளைப் பின்னால நிக்க வெச்சிருந்தோம், முடிச்சு போட. இவன் விடவே இல்ல. மூணு முடிச்சையும் அவனே போட்டுட்டான். சபையில எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க, உங்கப்பாவுக்கு வெளிய காட்ட முகமே இல்ல."

தம்பி போனை வாங்கினான்.

"ஏண்டா அப்படிப் பண்ணின?"

"அது ஒன்னோடது கா. வேற ஆளு எப்படிப் போட முடியும்?"

அவனே தொடர்ந்தான்.

"நான் அனுப்புன ஃபேக்ஸ் தெளிவா விழுந்துச்சாக்கா? அவங்க ஒத்துக்கிட்டாங்களா?"

தெளிவாக விழுந்தது, ஒத்துக்கொண்டார்கள் என்றேன். அந்த நூறு ரூபாய் சர்ட்டிபிகேட்டை வாங்கித் தொலைத்திருக்கலாம் என்று அப்போதுதான் முதல் முறையாகத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.