கயிறு பிடித்து நட்ட முடி

காலை ஆறே முக்கால். தேனி பேருந்து நிலையத்தில் கல்லூரி நண்பன் ரபீக்கின் பார்வை முதலில் என் நெற்றியில்தான் நின்றது.

“என்ன மாப்ள, கயிறு புடிச்சு நட்டுருக்காக? எங்க வயல்ல நாத்துகூட இம்புட்டு நேரா நிக்காது.”

உத்தமபாளையத்தில் பழைய வகுப்புத் தோழர்கள் கூடும் நாள் அது. கல்லூரி நாள் முகத்தோடு போக ஆசைப்பட்டுத்தான் முடி நடவு செய்துகொண்டேன். “நேராக இருந்தால் அழகு” என்று நட்ட மருத்துவர் சொன்னதை எதுவும் கேட்காமல் ஒப்புக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குப் போகாமல் வீடு திரும்பினேன்.

அதைச் சரிசெய்ய மதுரையில் வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் இளவயதுப் படம் ஒன்று கேட்டார். சுருளி அருவியில் எடுத்ததை ரபீக் தேடி அனுப்பினான். ஈரத்தலையோடு சிரிக்கிறேன்.

“அப்பவே ஒனக்கு எடப்பக்கம் நெத்தி ஏறித்தான்டா இருந்துச்சு,” என்றான் போனில்.

எனக்கு அது நினைவிலேயே இல்லை.

மருத்துவர் முன்வரிசையின் தடித்த கொத்துகளை எடுத்துப் பின்னால் நட்டார். முன்னால் ஒற்றை முடிகளை முன்னும் பின்னுமாக வைத்தார். இடப்பக்கத்தை ஏறியபடியே விட்டார்.

முடி நடவு பற்றி யார் கேட்டாலும், பழைய படத்தோடு போகச் சொல்கிறேன்.

படத்தில் என் தோளில் கைபோட்டு நிற்கும் ரபீக்கின் நெற்றி தெரியாத அளவுக்கு முடி விழுந்திருக்கிறது. இப்போது அவனுக்கு முழு வழுக்கை.