ஆன்ட்டி வரைந்த அம்மா

ஓவியர்கள் ஆளைப் பார்த்துப் பார்த்தே கொன்றுவிடுவார்கள் என்று எட்டு வயதில் நான் நம்பினேன். சிரிக்காதீர்கள், என்னிடம் ஆதாரம் இருந்தது.

எழுபதுகளில் பர் துபாயில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் ஒரு போலந்துக்கார இன்ஜினியர் குடியிருந்தார். அவர் மனைவி எனக்கு டிராயிங் சொல்லிக்கொடுப்பார். பென்சிலைத் தொடவிடாமல் ஒரு பேரீச்சம்பழத்தையே வெகுநேரம் பார்க்கச் சொல்வார். நூறு வருடத்துக்கு முன் அவர் ஊரில் வாழ்ந்த ஓவியர் ஒருவரின் வழியாம் அது. அந்தப் பெயருக்கு என் நாக்கு கடைசிவரை வளையவில்லை. போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லாத காலத்தில் அந்த ஓவியர் பகலெல்லாம் டிராயிங் வாத்தியார். மிச்ச நேரத்தில் மனைவி, மாணவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்த முகங்களையெல்லாம் வரைந்து தள்ளியிருக்கிறார். ஆன்ட்டியிடம் அந்தப் படங்கள் தடித்த புத்தகமாக இருந்தன.

“இந்த லேடி இப்ப எங்க இருக்காங்க, ஆன்ட்டி?”

“டெட்.”

“இந்தப் பையன்?”

“டெட், பேபி. ஆல் டெட்.”

நூறு வருடக் கணக்கு எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வீட்டிலும் சாமிகளைத் தவிர, சட்டம் போட்டு மாட்டியிருந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள்தான். தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆன்ட்டி முன்னால் போய் உட்கார்ந்தாள். ஏற்பாடு அப்பாவுடையது.

“எதுக்குப்பா படம்?”

“போட்டோல உங்கம்மா எப்பவும் கண்ண மூடிடுறாடா” என்று சொல்லிவிட்டு அப்பா ஜன்னல் ஏசியைப் பழுது பார்ப்பவர்போலத் திரும்பிக்கொண்டார்.

வாராவாரம் அம்மா மெலிந்தாள். படத்தில் கன்னம் சிவந்தது. ரத்தம் இங்கிருந்து அங்கே போகிறது, சந்தேகமேயில்லை! குடும்பத்தைக் காக்கப் பிறந்த நான், அம்மாவின் கண்மையைத் திருடி, ஈரம் காயாத படத்தின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தேன். விரல் வழுக்கி, பொட்டு காதுவரை இழுத்துக்கொண்டது. கறுத்த விரலோடு ஓடிப்போய் எங்கள் பாத்ரூமில் தாழிட்டுக்கொண்டேன். எதிர் வீட்டில் ஆன்ட்டி தன் பாஷையில் கத்தியது கேட்டது.

அம்மாதான் கதவைத் திறக்கவைத்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. “ஏன்டா, திருஷ்டி படுற அளவுக்கா நான் அழகு?”

அப்பா பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். பெயின்ட் ரொம்ப விலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் வயிற்றில் கட்டி, படம் தொடங்கும் முன்பே இருந்திருக்கிறது. டாக்டர் கைவிரித்த மறுநாள்தான் அப்பா போய் ஆன்ட்டியின் கதவைத் தட்டியிருக்கிறார். ஆன்ட்டி கன்னத்தைத் துடைத்து, திரும்ப வரைந்து முடித்தார். அந்தக் கோடையில் அம்மா இறந்துபோனாள்.