ஆறு மணித் திருநீறு

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் இளைஞர் குடியிருந்தார். ஒல்லியான உடம்பு, கண்ணைச் சுற்றிக் கருவளையம். ஒரு கம்பெனியின் வெப்சைட்டுக்காகப் மற்றவர்கள் புதிதாக எழுதும் புரோகிராமையெல்லாம் சரிபார்த்து, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏற்றிவிடுவது அவர் வேலை. ஒரு படி தவறினாலும் சைட் படுத்துவிடுமாம். அதனால் ஏற்றுவதற்கு முன் கீழே வந்து, என் பூஜை அறைத் திருநீற்றைப் பூசிக்கொண்டுதான் போவார்.

"லேப்டாப்புக்கும் கொஞ்சம் பூசி விடுங்க தம்பி" என்று கேலி செய்வேன்.

"அதுக்கு நேத்தே பூசியாச்சுக்கா" என்பார்.

ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"அக்கா, நான் கையால செய்யுற அம்புட்டையும் மெசினுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். இனி சரிபாக்குறது, ஏத்துறது எல்லாம் அதுவே செஞ்சுக்கிரும். பிழையில்லாம ஓடணும்னு வேண்டிக்கங்க."

வீரபாண்டிக் கோயில் ஆத்தாளுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். மெசின் ஒருநாள்கூடத் தவறவில்லை. அவர் திருநீறு கேட்டு வருவதும் நின்றுபோனது.

ஒரு மாதம் இருக்கும். ஆறு மணிக்கு வாசலில் வந்து நின்று கையை நீட்டினார்.

"என்ன தம்பி, மெசின் மக்கர் பண்ணுதா?"

"இல்லக்கா, அது நல்லாத்தான் ஓடுது. இனி நான் வேண்டாம்னு கம்பெனியில சொல்லிட்டாக."

திருநீற்றைக் கொடுத்தேன். நெற்றிக்குக் கொண்டுபோகாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றார். மறுவாரம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்.

வேண்டியது பலித்துவிட்டால் நேர்த்திக்கடனை நிறுத்திவைக்கக் கூடாது. வீரபாண்டிக்குப் போய் மாவிளக்குப் போட்டேன். விளக்கு எரிந்து முடியும்வரை ஆத்தா முன்னால் நின்றேன். நன்றி சொல்லவும் வாய் வரவில்லை, ஆத்தாளைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவர் கேட்டதைத்தானே நானும் கேட்டேன்.